எந்த ஏரியா சார் நீங்க?

சென்னையில புதுசா ஒருத்தரைப் பார்த்தா மூணே கேள்விதான். பேரு என்ன, எங்க வேலை, எந்த ஏரியா. முதல் ரெண்டு பதிலுக்கும் எதிராளி சும்மா தலையாட்டுவார். மூணாவதுக்கு மட்டும் அவர் கண்ணுக்குள்ள ஒரு கால்குலேட்டர் ஓடும். அடையாறுன்னா ஒரு "ஓ...". அண்ணாநகர்னா "ஓஹோ!". நான் பெருங்களத்தூர்னு சொன்னா, "அப்படியா... அங்கேர்ந்து தினமும் வந்து போறீங்களா?"ன்னு துக்கம் விசாரிக்கிற குரல் :)

இதுக்குப் பயந்தே நம்மாளுங்க ஒரு ஸ்டேஷன் தள்ளித்தான் சொல்லுவாங்க. ஊரப்பாக்கத்துல இருக்கிறவர் வண்டலூர்னுவார். வண்டலூர்க்காரர் பெருங்களத்தூர்னுவார். பெருங்களத்தூர்க்காரர் தாம்பரம்னுவார். தாம்பரத்துல இருக்கிறவர் ஒரே போடா சென்னைன்னுடுவார். மின்சார ரயில்ல ஏறாமலே எல்லாரும் ஒரு ஸ்டேஷன் முன்னாடி போயிடறாங்க பாருங்க!

சிரிக்கிற விஷயம்தான். ஆனா என் தங்கச்சி வீட்டுக்காரர் இப்ப சீரியஸா வீடு தேடிக்கிட்டு இருக்கார். ஒரு பையன் மூணாம் வகுப்பு, பொண்ணு யுகேஜி. மேடவாக்கத்துல வாடகை. "மச்சான், விலை முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளைங்க வளர்றதுக்கு நல்ல ஏரியாவா ஒண்ணு சொல்லுங்க"ன்னு என்னைக் கேட்டுக்கிட்டே இருக்கார். சரிங்க மாப்பிள்ளைன்னு யோசிக்க ஆரம்பிச்சா, அந்த "நல்ல ஏரியா"ங்கிற வார்த்தையிலயே மாட்டிக்கிட்டேன்.

நல்லதுன்னா எதுல நல்லது? தண்ணியிலயா? பள்ளிக்கூடத்துலயா? இல்லை, சொன்னா நாலு பேரு "ஓ..."ன்னு இழுக்கிறதுலயா?

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். "பிள்ளைங்களுக்காக நல்ல ஏரியா"ன்னு நாம தேடுறதுல முக்கால்வாசி பிள்ளைங்களுக்காக இல்லைங்க. ஊர்ல "எந்தத் தெரு?"ன்னு கேட்ட அதே கேள்விதான், பேண்ட் சட்டை மாட்டிக்கிட்டு இங்க "எந்த ஏரியா?"ன்னு வந்து நிக்குது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்றதுக்குத்தான் நாம இருபது வருஷம் இஎம்ஐ கட்டுறோம்.

ஏன் இப்படிச் சொல்றேன்னு விளக்கணும்னா எங்க ஊர்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

எனக்குச் சொந்த ஊரு வரதராஜன்பேட்டை. ஆண்டிமடம் பக்கம். செம்மண்ணு, முந்திரிக் காடு, அலங்கார அன்னை கோயில், டான் போஸ்கோ பள்ளிக்கூடம், ஒரு பேரூராட்சி ஆபீஸ். வெளியூர்ல போயி பேட்டைன்னு சொன்னா யாருக்கும் தெரியாது. ஆண்டிமடம்னு சொல்லிப் பார்ப்போம். முழிப்பாங்க. ஜெயங்கொண்டம்னுவோம். லேசா தலையாட்டுவாங்க. அதுவும் வேலைக்கு ஆகலைன்னா கடைசி அஸ்திரம், கங்கைகொண்ட சோழபுரம். என் விலாசத்தைப் புரியவைக்க ராஜேந்திர சோழனே எழுந்து வரவேண்டியிருக்கு. அதனால ஒரு ஸ்டேஷன் தள்ளிச் சொல்றவங்களை நான் கிண்டல் பண்ணலாமே தவிர, கோவிச்சுக்க முடியாது. அந்தப் பழக்கம் ரத்தத்துலயே இருக்கு.

மாவட்டக் கதை இன்னும் தமாஷ். நான் பொறந்தப்ப நாங்க திருச்சி மாவட்டம். 1995-ல பெரம்பலூர் தனி மாவட்டமாச்சு, நாங்க பெரம்பலூர். 2001-ல அரியலூர் மாவட்டம் பிரிஞ்சுது, நாங்க அரியலூர். 2002-ல அதைத் திரும்பவும் பெரம்பலூரோட சேர்த்தாங்க. 2007 நவம்பர்ல மறுபடியும் அரியலூர். வீடு அதே வீடு, கிணறு அதே கிணறு. லெட்டர்ல போடற மாவட்டம் மட்டும் மாறிக்கிட்டே இருந்தது.

சரி, சென்னைக்கு வந்தா நிம்மதின்னு பார்த்தா, பெருங்களத்தூரும் அதே கதைதான். நான் குடிவந்தப்ப காஞ்சிபுரம் மாவட்டத்துல ஒரு பேரூராட்சி. 2019-ல செங்கல்பட்டு மாவட்டமாச்சு. 2021-ல பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லபாக்கம் எல்லாத்தோடயும் சேர்த்து தாம்பரம் மாநகராட்சி ஆக்கிட்டாங்க. நான் ஒரு அடி நகராம பேரூராட்சிக்காரன்லேர்ந்து மாநகராட்சிக்காரன் ஆயிட்டேன். குழாயில வர்ற தண்ணி அன்னிக்கும் அதே கலர், மறுநாளும் அதே கலர்.

இதே மாதிரிதான் 2011-ல சென்னை மாநகராட்சியை 174 சதுர கிலோமீட்டர்லேர்ந்து 426 ஆக்கினப்ப, அம்பத்தூர்க்காரங்க ராத்திரி அம்பத்தூர்ல படுத்து காலையில சென்னையில எழுந்திரிச்சாங்க. விலாசம்ங்கிறது அவ்வளவுதான் மக்களே. கெஜட்ல ஒரு பக்கம்.

ஆனா கெஜட் மாத்த முடியாத விலாசம் ஒண்ணு இருக்கு. அதுதான் தெரு.

எங்க பக்கத்து ஊர் ஆளுங்க யாரையாவது பஸ்ல பார்த்தா பேச்சு எப்படிப் போகும்னு தெரியும்ல? "தம்பி எந்த ஊரு?" "பேட்டை." "பேட்டையில எந்தத் தெரு?" ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பேரு இருக்கும். பேரைச் சொன்னா போதும், அப்பா பேரு தாத்தா பேரு எதுவும் வேணாம். கேட்டவருக்கு வேண்டியது கிடைச்சுடும். அதுக்கப்புறம் அவர் உங்ககிட்ட பேசறதா, தள்ளி உட்கார்றதான்னு முடிவு பண்ணிக்குவார்.

இந்த ரெண்டாவது கேள்வியிலேர்ந்து தப்பிக்கத்தான் பாதிப் பேரு பட்டணத்துக்கு பஸ் ஏறினோம். வந்து பார்த்தா, வீடு பார்க்கப் போற இடத்துல புரோக்கர் கேட்கிறார், "சாருக்கு சொந்த ஊரு எது?" சொன்னேன். "அங்க நீங்க யாரு?" இது நடந்தது ஊர்லேர்ந்து 250 கிலோமீட்டர் தள்ளி, ஒரு பேரு வாங்கின ஏரியாவுல. டிசம்பர் மாசம் வாசல்ல நட்சத்திரம் தொங்கவிடற வீடு எங்களுதுன்னு தெரிஞ்சதும், "ஓனர் வெஜிடேரியனுக்குத்தான் கொடுப்பாரு சார்"னு முடிச்சுட்டார். நான் சாப்பிடறது என்னன்னு அவர் கேட்கவே இல்லை, கவனிச்சீங்களா?

எனக்காவது ஒரு வாசல்தான் மூடுச்சு. ஒரு முஸ்லிம் நண்பர், நல்ல வேலை, நல்ல சம்பளம், பேரைச் சொன்னதுமே போன்லயே "இப்பதான் சார் வேற ஆளுக்குக் கொடுத்தோம்"னு பதில் வாங்கிக்கிட்டு மாசக்கணக்கா அலைஞ்சார். தலித் நண்பர்கள்கிட்ட இதைச் சொன்னா, "இதுக்கேவா?"ன்னு சிரிக்கிறாங்க.

"நல்ல ஏரியா"ன்னு நாம சொல்றப்ப, அந்த ஏரியாவை "நல்லதா" வச்சிருக்கிறதுக்காக யார் யாரை வெளியில நிறுத்தியிருக்காங்கன்னு ஒரு நிமிஷம் யோசிக்கணும். யோசிச்சா அந்த "நல்ல"ங்கிற வார்த்தை தொண்டையில நிக்கும்.

ஒரே ஒரு வார்த்தையை எடுத்துக்குங்க. காலனி. பட்டணத்துல அது மதிப்பான வார்த்தை. பேங்க் காலனி, ஆபீசர்ஸ் காலனின்னு ஆர்ச் வச்சு எழுதியிருப்பாங்க. புரோக்கர் அதைச் சொல்றப்ப குரல்லயே ரெண்டு லட்சம் கூடும். அதே வார்த்தை கிராமத்துல என்ன அர்த்தம்? ஊருக்கு வெளியில இருக்கிற தலித் குடியிருப்பு. "அவங்க காலனி ஆளுங்க"ன்னு சொல்றப்ப குரல் எப்படி இறங்கும்னு எல்லாருக்கும் தெரியும். 2025 ஏப்ரல்ல சட்டமன்றத்துல முதல்வர் ஸ்டாலின், ஆதிக்கத்தின் அடையாளமா ஆகிட்ட அந்தச் சொல்லை அரசு ஆவணங்கள்லேர்ந்தும் புழக்கத்துலேர்ந்தும் நீக்கப்போறோம்னு அறிவிச்சார். நல்ல விஷயம். ஆனா ஒரே சொல்லு ஒரு இடத்துல கௌரவமாவும் இன்னொரு இடத்துல அவமானமாவும் இருக்குன்னா, குத்தம் சொல்லுல இல்லையே. அங்க யாரு குடியிருக்காங்கங்கிறதை வச்சுத்தானே நாம குரலை ஏத்தி இறக்கறோம்!

சரி, ஏரியாவோட மதிப்பாவது நிலையா நிக்குதான்னு பார்த்தா, அதுவும் இல்லை.

தி.நகர் இன்னிக்கு என்ன விலைன்னு சொல்லவே வேண்டாம். 1920-கள் வரைக்கும் அந்தப் பக்கம் பெரிய ஏரி. நுங்கம்பாக்கத்துலேர்ந்து சைதாப்பேட்டை பக்கம் வரைக்கும் நீளமாக் கிடந்ததால வெள்ளைக்காரன் லாங் டேங்க்னே பேரு வச்சிருந்தான். நீதிக்கட்சி ஆட்சிக் காலத்துல அதை வத்தவச்சு, மனை போட்டு, சர் பிட்டி தியாகராயர் பேரை வச்சாங்க. மேற்கு மாம்பலத்துல இன்னிக்கும் லேக் வியூ ரோடு இருக்கு. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை, ரோடு மட்டும் இருக்கு. அண்ணாநகருக்கு இவ்வளவு பெரிய பேரு வந்ததுக்குப் பின்னாடி 1968-ல நடந்த உலக வர்த்தகக் கண்காட்சி இருக்கு. அந்த டவர் அப்ப கட்டினதுதான். அதுக்கு முன்னாடி அங்க கிராமமும் வயலும்.

குரோம்பேட்டை? தோல் பதனிடற குரோம் லெதர் கம்பெனி பேருல வந்த ஊரு. தோல் கம்பெனி பக்கத்துல வீடுன்னா அந்தக் காலத்துல மூக்கைப் பிடிச்சிருப்பாங்க. இன்னிக்கு "குரோம்பேட்டையில சொந்த வீடா?"ன்னு வாயைப் பிளக்கிறாங்க.

இதுக்கு நேர் எதிரா ராயபுரம். தென்னிந்தியாவோட முதல் ரயில் 1856-ல கிளம்பினது அங்கேர்ந்துதான். நகரத்தோட மூத்த பகுதி வட சென்னை. துறைமுகம் அங்க, வியாபாரம் அங்க. இன்னிக்கு மாப்பிள்ளை வீடு ராயபுரம்னா பொண்ணு வீட்டுல யோசிக்கிறாங்க. ராயபுரம் அப்படி என்ன தப்பு பண்ணுச்சு? ஒண்ணும் பண்ணலை. காசு தெற்குப் பக்கம் நகர்ந்துடுச்சு, மதிப்பும் கூடவே போயிடுச்சு. அவ்வளவுதான்.

ஆக, நீங்க இன்னிக்கு "ஸ்டேட்டஸ்"னு கூடுதலா காசு கொடுத்து வாங்கற விலாசம், உங்க பிள்ளை பெரியவனாகறப்ப அதே இடத்துல நிக்கும்னு எந்தப் பத்திரத்துலயும் எழுதித் தரமாட்டாங்க.

ஆனா தண்ணி இருக்கே, அது இடத்தை மறக்காது.

தாம்பரத்துக்குப் பக்கத்துல முடிச்சூர் தாண்டி வரதராஜபுரம்னு ஒரு இடம் இருக்கு. எங்க ஊரு பேரும் அதுவும் ஒரே சாமி பேரு. ஊர்ல யாராவது பத்திரிகையில "வரதராஜபுரம் வெள்ளத்தில் மூழ்கியது"ன்னு பார்த்துட்டு "என்னடா பேட்டை மூழ்கிடுச்சாம்!"னு போன் பண்ணுவாங்க. செம்மண் மேட்டுல இருக்கிற பேட்டை எங்க மூழ்கறது :)

2015 டிசம்பர் ஒண்ணாம் தேதி மழையில தாம்பரத்துல மட்டும் 24 மணி நேரத்துல 49 சென்டிமீட்டர் கொட்டுச்சு. வரதராஜபுரம், முடிச்சூர்ல படகு விட்டாங்க. டிவியில எல்லாரும் செம்பரம்பாக்கம், செம்பரம்பாக்கம்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. ஆனா செம்பரம்பாக்கம் உபரித் தண்ணி அடையாத்துல வந்து சேர்றது திருநீர்மலை பக்கம், அதாவது முடிச்சூருக்குக் கீழே. வரதராஜபுரத்துக்கு வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம்னு மேல இருக்கிற ஏரிங்க நிரம்பி வழிஞ்ச தண்ணி. அந்தத் தண்ணிக்கு அது பழகின வழி. நடுவுல மனை போட்டது நாமதான். 2021-லயும் அங்க தண்ணி வந்துச்சு. 2023-ல மிக்ஜாம் புயலப்பவும் வந்துச்சு.

அதே 2015-ல கோட்டூர்புரத்துலயும் அடையாறு புகுந்துச்சு. அது பெரிய மனுஷங்க ஏரியா. கேட்ல செக்யூரிட்டி இருக்காரான்னு ஆறு பார்க்கலை.

இதுல நமக்கு உதவறது ஊர்ப் பேருங்க. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல்னு எத்தனை தாங்கல்! தாங்கல்னா சின்ன ஏரி. பேருலயே எழுதி வச்சுட்டுப் போயிருக்காங்க பெரியவங்க. நாம அதை அழிச்சுட்டு ஏதோ கார்டன், ஏதோ அவென்யூன்னு போர்டு வைக்கிறோம். புரோக்கர் "பஸ் ஸ்டாண்டுலேர்ந்து அஞ்சே நிமிஷம்"னு காட்டுற மனையை மே மாசம் போயிப் பார்க்காதீங்க. நவம்பர்ல, மழை விட்ட மறுநாள் போங்க. பக்கத்து டீக்கடையில "2015-ல இங்க எவ்வளவு தண்ணி நின்னுச்சு அண்ணே?"ன்னு ஒரே கேள்வி கேளுங்க. அவர் கையை இடுப்புல வச்சுக் காட்டுறாரா, முட்டியில வச்சுக் காட்டுறாரான்னு பாருங்க. வில்லங்கச் சான்றிதழ்ல இல்லாத வில்லங்கம் எல்லாம் டீக்கடையில கிடைக்கும்.

சரி, அப்ப பிள்ளைங்களுக்கு என்னதான் வேணும்? என் கணக்கு ரொம்பச் சின்னது.

முதல்ல, நடந்து போற தூரத்துல பள்ளிக்கூடம். பெரிய பேரு வாங்கின பள்ளிக்கூடம் இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்து, யுகேஜி குழந்தை காலையில ஆறரைக்கு வேன்ல தூங்கி வழிஞ்சுக்கிட்டே போறதைப் பார்த்திருக்கீங்கல்ல? அந்தத் தூக்கத்துக்கு எந்தப் பள்ளிக்கூடமும் ஈடு இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-ல வந்தப்ப "அருகாமைப் பள்ளி"ன்னு ஒரு யோசனையையே உள்ள வச்சுத்தான் எழுதினாங்க. தனியார் பள்ளியில 25 சதவீத இடத்துக்கு தமிழ்நாட்டுல விண்ணப்பிக்கணும்னா வீடு 1 கிலோமீட்டருக்குள்ள இருக்கணும்னு வச்சிருக்காங்க. சிங்கப்பூர்லயும் ஒண்ணாம் வகுப்பு சேர்க்கையில இடம் பத்தலைன்னா 1 கிலோமீட்டருக்குள்ள இருக்கிற பிள்ளைக்குத்தான் முன்னுரிமை, அப்புறம் 2 கிலோமீட்டர். சட்டம் போடறவங்களுக்கே தெரியுது. நமக்குத்தான் வேன்ல அனுப்பினா கௌரவம்.

எங்க பேட்டை பள்ளிக்கூடத்துக்கு சுத்துப்பட்டு ஊர்லேர்ந்தெல்லாம் பசங்க சைக்கிள்ல வருவாங்க. படிப்புக்காகவே எங்க தெருவுக்கு ரெண்டு குடும்பம் குடிவந்துச்சு. அதனால, பிள்ளைக்காக ஊர் மாத்தறது இன்னிக்கு நேத்து வந்த ஃபேஷன் இல்லை. ஆனா அவங்க பள்ளிக்கூடத்தைப் பார்த்து வந்தாங்க. "பேட்டையில இருக்கோம்"னு சொல்லிக்கிறதுக்காக யாரும் வரலை. (அப்படிச் சொன்னாலும் யாருக்கும் தெரியாதுங்கிறது வேற விஷயம்.)

ரெண்டாவது, முழிச்சிருக்கிற அப்பா அம்மா. வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவுல தினமும் நாலு மணி நேரம் போச்சுன்னா, பிள்ளை தூங்கினப்புறம் வீட்டுக்கு வந்து, எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி கிளம்பற அப்பாவுக்கு ஏரியா எதுவா இருந்தா என்ன? 2023 டிசம்பர் 30-ல கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததும் ஊரப்பாக்கம் பக்கம் மனை விளம்பரம் எல்லாம் பறக்குது. ஊருக்குப் பஸ் ஏறறது அங்க சுலபம்தான், மறுக்கலை. ஆனா ஊருக்கு வருஷத்துல நாலு தடவை போறோம், ஆபீசுக்கு தினமும் போறோம். எதைப் பார்த்து மனை வாங்கணும்?

மூணாவது, விளையாட ஒரு பொட்டல். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல மனைப்பிரிவு போட்டா ரோடு போக மிச்சத்துல 10 சதவீதம் பொதுத் திறந்தவெளிக்கு விடணும்னு விதி இருக்கு. லே-அவுட் மேப்புல பச்சைக் கலர்ல அழகா பார்க்னு போட்டிருப்பாங்க. நேர்ல போயிப் பாருங்க, அங்க கோயில் இருக்கா, யாரோட காராவது நிக்குதா, இல்லை நிஜமாவே பசங்க பந்து அடிக்கிறாங்களான்னு.

நாலாவதுதான் எனக்கு முக்கியம். தெருவுல எல்லா மாதிரி ஆளும் இருக்கணும். ஆட்டோ ஓட்டுறவர் வீட்டுப் பையன், டீச்சர் வீட்டுப் பொண்ணு, தொழுகைக்குப் போற பாய், ரேஷன் கடை வரிசையில நிக்கிற ஆயா, எல்லாரும் ஒரே தெருவுல. நாம தேடித் தேடி நம்ம மாதிரியே ஆளுங்க இருக்கிற இடத்துக்குப் போறோம். பிள்ளை பதினேழு வயசு வரைக்கும் தன்னை மாதிரியே நானூறு வீட்டை மட்டும் பார்த்து வளருது. அப்புறம் காலேஜ் ஹாஸ்டல்ல முதல் தடவையா உலகத்தைப் பார்த்து முழிக்குது.

சிங்கப்பூர்ல 1989-லேர்ந்து அடுக்குமாடி வீடுகள்ல ஒவ்வொரு பிளாக்குலயும் சீனர், மலாய், இந்தியர் இத்தனை பேருக்கு மேல போகக்கூடாதுன்னு அளவு வச்சிருக்காங்க. அங்க இருக்கிறவங்கள்ல கிட்டத்தட்ட 80 சதவீதம் பேரு இந்த அரசாங்க வீடுகள்லதான். இதுல குறை இல்லாம இல்லை. நம்ம தமிழ் ஆளுங்க வீட்டை விக்கணும்னா, அளவு நிரம்பின பிளாக்குல வாங்கற ஆளு குறைஞ்சு போயி விலை அடிபடுதுன்னு புலம்பறாங்க. அது நியாயமான புலம்பல்தான். நான் சொல்ல வர்றது, சும்மா விட்டா மனுஷன் தன் ஆளு பக்கம்தான் போயி ஒட்டிக்குவான்னு ஒரு அரசாங்கமே ஒத்துக்கிட்டிருக்கு. நமக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. நாமளா பார்த்துச் செஞ்சாதான் உண்டு.

"நீ சுலபமா பேசறே, விலாசத்தாலதான்யா எல்லாம் நடக்குது"ன்னு நீங்க சொல்றது கேட்குது. ஒத்துக்கறேன். நல்ல ஏரியான்னு பேரு இருந்தா தெருவிளக்கு எரியுது. குப்பை வண்டி வருது. புகார் கொடுத்தா கவுன்சிலர் எட்டிப் பார்க்கிறார். டியூஷன் முடிஞ்சு எட்டு மணிக்குத் தனியா வர்ற பொண்ணைப் பெத்தவங்களுக்கு தெருவிளக்கு சின்ன விஷயம் இல்லை. அதுக்காக ஒருத்தர் கூடுதல் வாடகை கொடுத்தா நான் குறை சொல்லமாட்டேன். இன்னொண்ணும் இருக்கு. தெருப் பேரால தலைமுறை தலைமுறையா மட்டம் தட்டப்பட்ட ஒருத்தர், அண்ணாநகர்ல ஒரு வீடு வாங்கி கேட்ல தன் பேரைப் பெருசா எழுதி வச்சா, அதை ஸ்டேட்டஸ் பைத்தியம்னு சொல்ல எனக்கோ உங்களுக்கோ எந்த அருகதையும் இல்லை. அது அவர் வாங்கின பதில்.

என் கோபம் அவங்க மேல இல்லை. ஏற்கெனவே எல்லாம் இருந்தும், "அந்த ஏரியா கொஞ்சம் மிக்ஸ்டா இருக்கு"ன்னு மூக்கைச் சுளிச்சுட்டு, அதுக்கு "குழந்தைங்க நல்லா வளரணும்ல"னு காரணம் சொல்றவங்க மேலதான். குழந்தையை ஏங்க இதுல இழுக்கறீங்க? குழந்தைக்கு ஏரியான்னு ஒண்ணே கிடையாது. உங்க வீட்டு யுகேஜி வாண்டுகிட்ட "வீடு எங்கடா?"ன்னு கேட்டுப் பாருங்க. "பெரிய நாய் இருக்கிற வீட்டுக்கு எதிர்ல"ன்னு சொல்லும். "இஸ்திரி தாத்தா வண்டிக்குப் பக்கத்துல"ன்னு சொல்லும். அதுக்குத் தெரு இருக்கு, ஆளுங்க இருக்காங்க. ஏரியா, நாம சொல்லிக் கொடுக்கிறது.

அதனால மாப்பிள்ளைக்கு நான் சொன்னது இதுதான். அண்ணாநகர் வேணாம்னும் சொல்லலை, ஊரப்பாக்கம் போங்கன்னும் சொல்லலை. மழை விட்ட மறுநாள் தெருவுல நடந்து பாருங்க. பள்ளிக்கூடத்துக்குப் பையனோட கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தே போயிப் பாருங்க. சாயங்காலம் அஞ்சரைக்குப் போயி, எத்தனை மாதிரி பிள்ளைங்க ஒண்ணா விளையாடுதுன்னு பாருங்க. புரோக்கர் "இங்க எல்லாம் நம்ம ஆளுங்கதான் சார்"னு பெருமையா சொன்னா, அந்த இடத்தை மட்டும் விட்டுடுங்க. உங்களைச் சேர்த்துக்கிட்டு இன்னொருத்தரைத் தள்ளற தெருவுல, நாளைக்கு உங்க பொண்ணு யாரையாவது வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தா அவங்களையும் தள்ளும்.

டிஸ்கி: ஊரப்பாக்கம், வண்டலூர் மக்கள் யாரும் கோவிச்சுக்காதீங்க. அடுத்த தடவை யாராவது "எந்த ஏரியா?"ன்னு கேட்டா, ஸ்டேஷன் தள்ளாம உங்க ஊர்ப் பேரையே கணீர்னு சொல்லுங்க. அப்படியும் "ஓ..."ன்னு இழுக்கலைன்னா, ராஜேந்திர சோழனை நான் அனுப்பி வைக்கிறேன்.